ஒரே வேட்டி, இரண்டு நியாயம்: மதுக்கூடங்கள், மனமகிழ் மன்றங்களின் உடைக் கட்டுப்பாடு குறித்து எல்லைக் கிராமங்கள் எழுப்பும் கேள்வி

அமரவிளை: நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே, நெய்யாற்றையொட்டி அமைந்த சிற்றூர் அமரவிளை. திருவனந்தபுரத்தையும் நாகர்கோவிலையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையில் செல்வோருக்கு இங்குள்ள கலால் சோதனைச் சாவடி நன்கு அறிமுகமானது. இங்கிருந்து சில கிலோமீட்டர் தெற்கே சென்றால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. சாலை ஒன்றே. இருபுறமும் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கின்றன. திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் ஆண்கள் உடுத்துவது அதே வெள்ளை வேட்டி. இந்தப் பக்கம் அதன் பெயர் முண்டு.

ஆனால் அந்த வேட்டிக்கு எல்லையின் இருபுறமும் ஒரே சட்டப் பாதுகாப்பு இல்லை. வேட்டி உடுத்தியவரை மனமகிழ் மன்றம் ஒன்றின் வாயிலில் தடுத்து நிறுத்தினால், தமிழ்நாட்டில் அது ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கேரளத்தில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. அங்கே அது அந்த நிறுவனத்தின் உள்விவகாரமாகவே பார்க்கப்படும்.

ஒரு மதுக்கூடமோ மன்றமோ தனது வாயிலுக்கு வருபவர் என்ன உடுத்தியிருக்க வேண்டும் என்று விதிப்பது நியாயமா? இக்கேள்வி பெருநகரங்களின் பொழுதுபோக்குச் சிக்கலாகத் தோன்றலாம். எனினும், யார் எதை உடுத்தலாம் என்பதை அரசாணையே தீர்மானித்த காலத்தைக் கண்ட தென் திருவிதாங்கூர் மண்ணிலிருந்து பார்க்கும்போது இதன் கனம் வேறாகத் தெரிகிறது.

சேப்பாக்கத்தில் தொடங்கிய சர்ச்சை

2014 ஜூலை 11 அன்று, சென்னை சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்க மன்றத்தில், ஓய்வுபெற்ற நீதிபதி டி.எஸ். அருணாசலம் தொடர்பான நூல் வெளியீட்டு விழா நடைபெற்றது. அதில் பங்கேற்க வந்த அப்போதைய சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன், வேட்டி உடுத்தியிருந்த காரணத்தால் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. வேட்டியுடன் வந்த மூத்த வழக்கறிஞர்களும் திருப்பி அனுப்பப்பட்டனர். மன்றத்தின் உடை விதியைக் காட்டி ஊழியர்கள் மறுப்புத் தெரிவித்தனர்.

மறுக்கப்பட்டவர் உயர் நீதிமன்ற நீதிபதி. மறுத்த இடமோ, அரசிடமிருந்து குத்தகைக்குப் பெற்ற நிலத்தில் அமைந்த விளையாட்டரங்க வளாகம். விழாவுக்கு அழைக்கப்பட்ட விருந்தினர் ஒருவர், மாநிலத்தின் மிகப் பரவலான மரபு உடையை அணிந்திருந்ததற்காகத் திரும்பிச் செல்ல நேர்ந்தது. கட்சி வேறுபாடின்றிக் கண்டனம் எழுந்தது. சட்டப்பேரவையில் விவகாரம் எழுப்பப்பட்டபோது, இதற்கெனத் தனிச் சட்டம் கொண்டுவரப்படும் என்று அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா அறிவித்தார். அடுத்த மாதமே சட்ட முன்வடிவு பேரவையில் நிறைவேறியது.

பொது இடங்களில் நுழைவதற்கான உடைக் கட்டுப்பாடுகளை நீக்கும் அந்தச் சட்டத்தின்படி, வேட்டி அல்லது வேறு இந்திய மரபு உடையைக் கண்ணியமான முறையில் அணிந்து வரும் எவரையும் உடையை மட்டுமே காரணமாகக் காட்டித் தடுக்கக் கூடாது. மனமகிழ் மன்றங்கள், சங்கங்கள், அறக்கட்டளைகள், நிறுவனங்கள் ஆகியவற்றின் வளாகங்களும் அதன் வரம்புக்குள் வந்தன. மீறினால் உரிமம் ரத்து செய்யப்படலாம். பொறுப்பானவருக்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம்.

இது எளிதில் வந்த மாற்றம் அல்ல. சென்னையில் 1832இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் கிளப் ஐரோப்பியர்களுக்கானது. இந்தியர்களுக்கு அங்கே உறுப்பினராக இடமில்லை. 1873இல் உருவான காஸ்மோபாலிடன் கிளப் போன்றவை இந்தியர்களுக்கு மாற்றாக அமைந்தன. ஆட்சியாளர்கள் மாறிய பிறகும் அந்த மன்றங்களின் பழக்கங்களும் கால்சட்டை, காலர் சட்டை, மூடிய காலணி என்ற விதிகளும் பல இடங்களில் அப்படியே தொடர்ந்தன. 1988இல் மும்பையின் வில்லிங்டன் கிளப், காலணி அணியாமல் வந்த ஓவியர் எம்.எஃப். உசேனுக்கு அனுமதி மறுத்தது நாடெங்கும் பேசப்பட்டது. அந்த வரிசையில் பார்த்தால், சட்டத்தின் மூலம் முதலில் பதிலளித்த மாநிலம் தமிழ்நாடு.

சட்டம் காப்பது யாரை?

சட்டம் வந்து பத்தாண்டுகளைக் கடந்துவிட்ட நிலையில், அது எதைத் தொடவில்லை என்பதையும் பார்க்க வேண்டியுள்ளது.

சட்டம் பாதுகாப்பது மரபு உடையை. அதை அணிந்து வரும் மனிதரை அது அந்த உடையின் வழியாகவே பாதுகாக்கிறது. சரிகைக் கரையிட்ட வேட்டியுடன் வரும் நீதிபதிக்கு வாயில் திறக்கும். கைலியுடன் வரும் மீனவருக்கோ, ரப்பர் செருப்புடன் வரும் ஆட்டோ ஓட்டுநருக்கோ அதே உறுதி உண்டா? கைலி மரபு உடையா, இல்லையா என்ற விவாதம் அங்கே தொடங்கிவிடும். குமரி மாவட்டத்திலும் நெய்யாற்றின்கரை வட்டத்திலும் உழைக்கும் ஆண்களின் அன்றாட உடை கைலிதான். ரப்பர் பால் வெட்டுபவரும் செங்கல் சூளையில் வேலை செய்பவரும் வீட்டிலும் கடைத்தெருவிலும் அதைத்தான் உடுத்துகின்றனர்.

அடுத்தது, ‘கண்ணியமான முறையில்’ என்ற நிபந்தனை. வேட்டியை மடித்துக் கட்டுவது தென் மாவட்டங்களிலும் கேரளத்திலும் இயல்பான வழக்கம். மரியாதைக்குரியவர் எதிரே வந்தால் அவிழ்த்து விடுவதும் அதே வழக்கத்தின் பகுதி. இதில் கண்ணியம் எது என்பதை வாயிலில் நிற்கும் ஊழியர் தீர்மானிக்க வேண்டியுள்ளது. பெண்களின் உடை குறித்து இச்சொல் இன்னும் கடுமையாகப் பயன்படக் கூடும். மரபு சாராத உடையை அணிந்த பெண்ணையோ, தமது பாலின அடையாளத்திற்கேற்ப உடுத்திய திருநரையோ தடுத்தால், இச்சட்டத்தில் அவர்களுக்கு நேரடியான விடை இல்லை.

ஆகவே 2014இல் மாறியது அனுமதிக்கப்பட்ட உடைகளின் பட்டியல். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஆளை அளக்கும் வாயில் மாறவில்லை. ஓர் உடை உரிமைப் போராட்டம் வெற்றி பெற்றபோதும் வாயில் மாறாமல் நின்றதற்கு இந்த எல்லைப் பகுதியிலேயே பழைய சான்று ஒன்று உள்ளது.

1859 அளித்ததும் அளிக்காததும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் திருவிதாங்கூரில், மேலாடை என்பது சாதி அடையாளம். நாடார் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்கள், உயர்சாதியினர் முன்னிலையில் மார்பை மறைக்கக் கூடாது என்பது வழக்கமாகவும் அரசின் ஆதரவு பெற்ற விதியாகவும் இருந்தது. கல்குளம், இரணியல், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை உள்ளிட்ட தெற்கு வட்டங்களில் இதற்கு எதிராக எழுந்ததே தோள்சீலைப் போராட்டம்.

1810களில் ரெசிடென்டாகவும் திவானாகவும் பொறுப்பு வகித்த கர்னல் ஜான் மன்றோ, கிறித்தவம் தழுவிய நாடார் பெண்கள் குப்பாயம் எனும் சட்டை அணியலாம் என்று அனுமதித்தார். உயர்சாதிப் பெண்களைப் போலத் தோளில் சீலை இடுவது அதில் அடங்காது. 1820களில் மோதல்கள் வெடித்தன. 1829 பிப்ரவரியில் வெளியான அரச பிரகடனம் தோள்சீலையைத் தடை செய்து, குப்பாயத்தை மட்டும் அனுமதித்தது. 1858, 1859ஆம் ஆண்டுகளில் வன்முறை மீண்டும் எழுந்தது. பெண்களின் மேலாடைகள் பொது இடங்களில் கிழிக்கப்பட்டன. சென்னை மாகாண ஆளுநர் சார்லஸ் டிரெவெலியனின் அழுத்தத்திற்குப் பின், 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மன்னர் புதிய பிரகடனத்தை வெளியிட்டார்.

அந்தப் பிரகடனம் நாடார் பெண்கள் அனைவரும் மார்பை மறைக்கலாம் என்றது. குப்பாயம் அணியலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம், வேறு முறையிலும் மறைக்கலாம். ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் மட்டும் உடுத்தக் கூடாது. உடல் மறைக்கும் உரிமை வந்தது. உடையைக் கொண்டே ஆளை இன்னார் என்று அடையாளம் காணும் ஏற்பாடு அப்படியே நீடித்தது.

இதை முழுமையாக மறுத்துக் காட்டியவர் இதே வட்டத்தைச் சேர்ந்தவர். நெய்யாற்றின்கரை வட்டத்தின் வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, 1893இல் வெள்ளை முண்டும் மேல்முண்டும் தலைப்பாகையும் அணிந்து, தலித்துகளுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச் சாலையில் வில்வண்டி ஓட்டிச் சென்றார். சாலையில் செல்லும் உரிமையையும் விரும்பிய உடையில் செல்லும் உரிமையையும் அவர் ஒன்றாகவே கோரினார். 1915இல் கொல்லம் அருகே பெரிநாட்டில், சாதி அடையாளமாகத் திணிக்கப்பட்டிருந்த கல்மாலைகளைப் பெண்கள் அறுத்தெறிந்த நிகழ்வும் அவரது தலைமையில் நடந்ததே.

தோள்சீலைப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டு நினைவாக 2023 மார்ச் 6 அன்று நாகர்கோவிலில் நடந்த பொதுக்கூட்டத்தில், தமிழ்நாடு முதலமைச்சர் மு.க. ஸ்டாலினும் கேரள முதலமைச்சர் பினராயி விஜயனும் ஒரே மேடையில் பங்கேற்றனர். அந்தப் போராட்டம் இரு மாநிலங்களின் பொது மரபு என்பதற்கு அதுவே சான்று. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வகுக்கப்பட்டபோது கல்குளமும் விளவங்கோடும் தமிழ்நாட்டோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1859 பிரகடனம் இரு பக்கத்திற்கும் பொருந்தியது. 2014 சட்டமோ களியக்காவிளையோடு நின்றுவிடுகிறது.

அன்றைய சாதிக் கொடுமையையும் இன்றைய மதுக்கூட விதியையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முன்னது அரசும் சமூகமும் வன்முறையால் திணித்தது. பின்னது ஒரு மாலைப் பொழுதில் ஏற்படும் அவமதிப்பு. ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. உடையைப் பற்றியதாகத் தோன்றும் விதி, உண்மையில் ஆளைப் பற்றியதாக இருக்க முடியும் என்பதே அது.

மறுபக்க வாதம்

உடை விதியை ஆதரிப்போரின் வாதங்களை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

முதலாவது, கூடி வாழும் உரிமை. அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(இ) பிரிவு சங்கம் அமைக்கும் உரிமையை வழங்குகிறது. ஒரு சங்கம் தன் உறுப்பினர் யார், விதி என்ன என்பதைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்பது அதன் உட்பொருள். 2005இல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்க வழக்கில், உறுப்பினர் தகுதியைத் தம் சமூகத்தினருக்கு மட்டும் வரையறுத்த விதியை உச்ச நீதிமன்றம் ஏற்றது. உறுப்பினரையே தெரிவு செய்யலாம் எனில், உடையைத் தெரிவு செய்யக் கூடாதா என்று மன்றங்கள் கேட்கலாம்.

இரண்டாவது, சூழல். மெல்லிய இசையும் அமைதியான உரையாடலும் நாடி வருவோருக்கென ஓரிடம் இருப்பதில் தவறில்லை. நீச்சல் குளத்திற்கு நீச்சலுடை, டென்னிஸ் தளத்திற்கு அதற்கான காலணி என்பவை போல மாலை விருந்துக்கும் ஓர் ஒழுங்கு இருக்கலாம். முகத்தை முழுவதும் மறைக்கும் தலைக்கவசத்தைக் கழற்றச் சொல்வது பாதுகாப்பு சார்ந்தது.

மூன்றாவது, சொத்துரிமை. முதலீடு செய்தவர் தன் வணிகத்தின் தன்மையைத் தீர்மானிக்கிறார். பிடிக்காதவர் வேறு இடம் செல்லலாம்.

மூன்றாவது வாதம்தான் மதுக்கூட விஷயத்தில் வலுவிழக்கிறது. மது வணிகம் மற்ற வணிகங்களைப் போன்றதன்று. மது வணிகம் செய்வது அடிப்படை உரிமை அல்ல என்பதை 1994இல் கோடே டிஸ்டில்லரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு தெளிவுபடுத்தியது. அரசு தனக்குரிய ஒரு சலுகையை உரிமம் என்ற பெயரில், நிபந்தனைகளுடன் வழங்குகிறது. தமிழ்நாட்டில் மனமகிழ் மன்றங்களுக்கு எஃப்.எல்.2 உரிமமும் நட்சத்திர விடுதிகளுக்கு எஃப்.எல்.3 உரிமமும் தனித்தனியே உள்ளன. அரசின் உரிமத்தில் மது வழங்கும் இடம், வாயிலில் மட்டும் தன்னை முற்றிலும் தனியார் வீடாகக் கருத முடியாது.

‘வேறு இடம் செல்லலாம்’ என்பதும் எப்போதும் உண்மையாக இருப்பதில்லை. 2014இல் கேரள அரசு, ஐந்து நட்சத்திர விடுதிகள் தவிர்த்த மதுக்கூடங்களை மூடும் கொள்கையை அறிவித்தது. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆட்சி மாறிய பின், 2017இல் மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள விடுதிகளுக்கு உரிமம் மீண்டும் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில், மதுவை ஒரு மேசையில் அமர்ந்து அருந்தும் வாய்ப்பு பெரும்பாலும் ஐந்து நட்சத்திர விடுதிக்குள் சென்றவருக்கே இருந்தது. மற்றவர்கள் சில்லறை விற்பனைக் கடைகளின் முன் வெயிலில் வரிசையில் நின்றனர். அந்த வரிசையில் கைலிக்குத் தடையில்லை. மது அருந்துவது நல்லதா என்பது வேறு விவாதம். ஆனால் அரசின் கொள்கையே ஒரு வசதியைச் சில வாயில்களுக்குள் அடைக்கும்போது, அந்த வாயில்களின் விதி பொதுநலன் சார்ந்ததாகிவிடுகிறது.

வேறு காரணம் தேடும் அரசுகள்

தனிச் சட்டம் இல்லாத இடங்களில் என்ன நடக்கிறது என்பதை அண்மைய இரு நிகழ்வுகள் காட்டுகின்றன.

2021 செப்டம்பரில், தென் தில்லியின் உணவகம் ஒன்றில் சேலை அணிந்த பெண்ணுக்கு அனுமதி மறுக்கப்பட்டதாகக் காணொலி பரவியது. அங்கு ‘ஸ்மார்ட் கேஷுவல்’ உடைக்கே அனுமதி என்று ஊழியர் கூறுவது அதில் பதிவாகியிருந்தது. உணவகம் குற்றச்சாட்டை மறுத்தது. பின்னர் மாநகராட்சியின் நடவடிக்கையால் உணவகம் மூடப்பட்டது. நடவடிக்கைக்குச் சொல்லப்பட்ட காரணம் உரிய உரிமம் இல்லாதது, சேலை அல்ல.

2024 ஜூலையில், பெங்களூரு மாகடி சாலையில் உள்ள வணிக வளாகம் ஒன்றில் வேட்டியும் தலைப்பாகையுமாகத் தம் மகனுடன் திரைப்படம் பார்க்க வந்த முதிய விவசாயி தடுக்கப்பட்டார். விவசாய அமைப்புகளும் கன்னட அமைப்புகளும் போராடின. கர்நாடக அரசு வளாகத்தை ஏழு நாள் மூடப்போவதாகச் சட்டப்பேரவையில் அறிவித்தது. மாநகராட்சியோ சொத்து வரி நிலுவையைச் சுட்டிக்காட்டியது.

இரண்டிலும் தவறு என்று மக்கள் கருதியது ஒன்று. தண்டனைக்குக் காட்டப்பட்ட காரணம் வேறொன்று. உரிமமும் வரியும் சரியாக வைத்திருக்கும் நிறுவனம் அதே செயலைச் செய்தால் என்ன நடக்கும்? காணொலி எடுக்கப்படாவிட்டால் என்ன நடக்கும்? தடுக்கப்பட்டவர் நீதிபதியாகவோ, ஊடக கவனம் பெற்றவராகவோ இல்லாதபோது பெரும்பாலும் எதுவும் நடப்பதில்லை. கோபத்தின் அளவைப் பொறுத்து நீதி கிடைப்பது, தடுக்கப்பட்டவருக்கும் நியாயமன்று, நிறுவனத்திற்கும் நியாயமன்று.

இத்தகைய நிகழ்வுகளில் பழி முதலில் விழுவது வாயிற்காவலர் மீது. அவர் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர். குறைந்த ஊதியத்தில் நீண்ட நேரம் நிற்பவர். பணி முடிந்து சீருடையைக் கழற்றிய பின், அவரே அந்த வாயிலுக்குள் அனுமதிக்கப்படாதவராக இருக்கக் கூடும். விதியை எழுதியவர்கள் உள்ளே இருக்கிறார்கள்.

அரசமைப்பு தரும் அளவுகோல்

அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு எந்தக் குடிமகனையும் கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள், பொது கேளிக்கை இடங்கள் ஆகியவற்றிலிருந்து தடுக்கக் கூடாது என்கிறது. அரசை மட்டுமன்றித் தனியாரையும் கட்டுப்படுத்தும் அரிய பிரிவுகளுள் இது ஒன்று. ஆனால் அதன் பட்டியலில் உடையோ பொருளாதார நிலையோ இல்லை. ‘சாதிக்காகத் தடுக்கவில்லை, செருப்புக்காகத் தடுத்தோம்’ என்று சொல்ல இடமிருக்கிறது.

அந்த இடைவெளியை நீதிமன்றத் தீர்ப்புகள் ஓரளவு குறைத்துள்ளன. சேப்பாக்கம் நிகழ்வுக்கு மூன்று மாதங்களுக்கு முன், 2014 ஏப்ரல் 15 அன்று வழங்கிய நால்சா தீர்ப்பில், ஒருவர் தம் பாலின அடையாளத்தை உடையின் மூலம் வெளிப்படுத்துவது 19(1)(அ) பிரிவின் கருத்துரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2021 மார்ச்சில், இராணுவப் பெண் அதிகாரிகள் தொடர்ந்த நிதிஷா வழக்கில், மறைமுகப் பாகுபாடு என்ற கருத்தை அது ஏற்றது. அனைவருக்கும் ஒன்றுபோல எழுதப்பட்ட விதியும், விளைவில் ஒரு பிரிவினரை மட்டும் வெளியே தள்ளினால் அது பாகுபாடே என்பது இதன் சாரம்.

பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் இக்கருத்தை மன்றங்களுக்கும் நீட்டிக்கிறது. குறைந்தது 25 உறுப்பினர்களைக் கொண்டு, உறுப்பினர் சேர்க்கைக்கு விதிகள் வைத்திருக்கும் சங்கங்களும் அதன் வரம்பில் வருகின்றன. உடை விதியை அச்சட்டம் தடை செய்யவில்லை. அந்த விதி இனம், பால், மதம் போன்றவற்றின் அடிப்படையில் எவரையும் பாதகப்படுத்துகிறதா என்று கேட்கிறது. இந்திய மன்றங்கள் பலவற்றின் விதிகளுக்கு முன்மாதிரியாக இருந்த நாடே, அந்த விதிகளைக் கேள்விக்குட்படுத்தும் சட்டத்தை இயற்றிக்கொண்டுள்ளது.

நியாயத்திற்கு நான்கு கேள்விகள்

உடை விதிகள் அனைத்தும் அநீதி என்று கூற முடியாது. எது நியாயம், எது அநீதி என்று பிரித்தறிய நான்கு கேள்விகள் போதும்.

விதிக்குக் காரணம் உண்டா? நீச்சல் குளத்திற்கும் பாதுகாப்புக்கும் உண்டு. உணவு உண்பதற்குக் காலர் வைத்த சட்டை ஏன் தேவை என்பதற்கு ‘எப்போதும் அப்படித்தான்’ என்பது காரணமாகாது.

முன்கூட்டியே தெரிந்ததா? அழைப்பிதழிலும் முன்பதிவிலும் சொல்லப்பட்ட விதி வேறு. குடும்பத்தினர் முன்னிலையில் வாயிலில் முதன்முறையாகச் சொல்லப்படும் விதி வேறு.

அனைவருக்கும் ஒன்றா? வெளிநாட்டவரின் அரைக்கால் சட்டையைக் காணாததுபோல் விட்டு, உள்ளூர்க்காரரின் வேட்டியைத் தடுக்கும் விதி உடைக்கானதாக இருக்க முடியாது.

சாதாரண மனிதர் தம்மிடம் உள்ள தூய உடையைக் கொண்டே அதை நிறைவேற்ற முடியுமா? இதுவே முக்கியமானது. புதிய உடையும் புதிய காலணியும் வாங்கினால்தான் நுழையலாம் என்ற விதி, நுழைவுக் கட்டணத்தை வேறு பெயரில் வசூலிக்கிறது.

முதல் மூன்று கேள்விகளுக்கு மன்றங்கள் பதில் சொல்லிவிட முடியும். நான்காவதில்தான் பெரும்பாலான உடை விதிகள் தோற்கும்.

செய்யக் கூடியது

கேரள அரசு இதற்குப் புதிய சட்டம் இயற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 1953ஆம் ஆண்டின் வெளிநாட்டு மது விதிகளின் கீழ் வழங்கப்படும் மதுக்கூட உரிமங்களிலும் மன்ற உரிமங்களிலும் ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம். உடை விதி இருப்பின் அது எழுத்தில், மலையாளத்திலும் எல்லைப் பகுதிகளில் தமிழிலும், வாயிலில் வெளியிடப்பட வேண்டும். தூய்மையான எந்த அன்றாட உடையும் மறுப்புக்குக் காரணமாகக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். புகாரைக் கலால் துறை குறிப்பிட்ட நாள்களுக்குள் விசாரிக்க வேண்டும்.

தமிழ்நாடு தன் 2014 சட்டத்தைத் திருத்தலாம். ‘மரபு உடை’ என்பதோடு, அன்றாட உழைப்பு உடையையும் பாலின அடையாளம் சார்ந்த உடையையும் சேர்க்க வேண்டும். ‘கண்ணியம்’ என்ற சொல்லுக்கு, பொது இடத்தில் சட்டம் அனுமதிக்கும் எந்த உடையும் என்று பொருள் வரையறுத்தால் வாயிலில் எழும் வாக்குவாதம் முடிவுக்கு வரும். சிறைத் தண்டனையைவிட உரிமத்தின் மீதான நடவடிக்கையே பயன் தரும். அது காவலாளியை அல்லாமல் விதியை எழுதிய நிர்வாகத்தைப் பொறுப்பாக்கும்.

இந்த விவாதம் மதுக்கூடங்களோடு முடிந்துவிடவில்லை. கோயில்களில் ஆண்கள் மேலாடை களைந்து நுழையும் வழக்கம் கைவிடப்பட வேண்டும் என்று 2024 டிசம்பர் 31 அன்று சிவகிரி மடத்தின் சுவாமி சச்சிதானந்தா கேட்டுக்கொண்டார். பூணூல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது என்பது அவர் கூறிய காரணம். முதலமைச்சர் பினராயி விஜயன் அக்கருத்தை வரவேற்றார். நாயர் சேவைச் சங்கம் எதிர்த்தது. வழிபாட்டு மரபுக்கு அரசமைப்பு தரும் பாதுகாப்பு மதுக்கூடத்திற்கு இல்லை. எனவே கோயில் விவகாரம் தனியே விவாதிக்கப்பட வேண்டியது. ஆனால் ‘இந்த விதி யாரை அடையாளம் காண ஏற்பட்டது’ என்று அவர் கேட்ட கேள்வி எல்லா வாயில்களுக்கும் பொருந்தும்.

உடை ஒரு சந்தர்ப்பத்திற்கு மரியாதை செய்வதற்காகக் கேட்கப்படலாம். வருபவரின் தகுதியை அளப்பதற்காகக் கேட்கப்படக் கூடாது. தோளில் இட்ட ஒரு துணிக்காக அடியும் சிறையும் கண்ட பெண்களின் கொள்ளுப்பேத்திகள் இன்றும் அமரவிளையிலும் பாறசாலையிலும் களியக்காவிளையிலும் வாழ்கின்றனர். அந்தப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டை ஒரே மேடையில் நினைவுகூர்ந்த இரு அரசுகளும், தங்கள் உரிமத்தில் இயங்கும் வாயில்களுக்கு ஒரே விதியை எழுதிக் கொடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.